முடிந்த வேலைகளுக்குள் ஒரு பெயர்

போன மாதம் கிருத்திகா போன் செய்தாள். சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் இப்போது பிளானிங் பிரிவு அவள் பொறுப்பில் இருக்கிறது. புதிதாக ஒரு மென்பொருள் போட்டிருக்கிறார்களாம். ஒரு புராஜெக்டில் முப்பது நாள் எந்த அசைவும் இல்லையென்றால் அது தானாகவே ஆர்க்கைவுக்குப் போய்விடுமாம்.

"அக்கா, இனிமே நாம உக்காந்து ஒவ்வொண்ணா மூட வேண்டியதில்ல. மூடுறதுக்கு முன்னால கேக்குற அந்த மூணு கேள்வியை எடுத்துரலாமான்னு கேக்காக. நீங்க என்ன சொல்றீக?" என்றாள்.

போனில் சொல்லி முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், மூன்று கேள்வியைப் பற்றி எழுதினால் காளிமுத்துவைப் பற்றியும் எழுத வேண்டும் என்று தெரிந்தது.

என் பெயர் ரஹ்மத் நிஷா. வாப்பாவுக்கு சிவகாசியில் தாள் கடை. அச்சகங்களுக்கு ரீம் ரீமாகப் போகும். அந்தப் பழக்கத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. அப்போது ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு பழுப்புக் கவர். உள்ளே டிசைன், புரூஃப், கஸ்டமரின் கையெழுத்து, டெலிவரி சீட்டு எல்லாம் இருக்கும். வேலை முடிந்தால் கவரை நூலால் கட்டி மாடி அறைக்கு அனுப்பிவிடுவோம். இருபது வருடத்துக்கு மேல் கவர் எழுதினேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. நான் ரிட்டயர் ஆக எட்டு வருடம் இருக்கையில், கவர் இருந்த இடத்தில் புராஜெக்ட் வந்து உட்கார்ந்தது.

புராஜெக்ட் மென்பொருளில் ஆர்க்கைவ் என்றால், முடிந்த வேலையை அழிக்காமல் கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்தி வைப்பது. அங்கே போனதை வாசிக்கலாம், திருத்த முடியாது. புதிதாக மெயில் வந்தால் உள்ளே சேரும், ஆனால் அதைப் பற்றி யாருக்கும் தகவல் போகாது. காலண்டர் சீசனில் திரை முழுக்க நூற்றுக்கணக்கான வேலைகள் நிற்கும். முடிந்ததை உடனுக்குடன் நகர்த்தாவிட்டால் ஓடுகிற வேலை எது, நின்ற வேலை எது என்று தெரியாது. நான் வேகமாக நகர்த்துவேன். எங்கள் பிரிவில் என் திரைதான் சுத்தமாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமை புஸ்வாணம் என்கிற பூச்சட்டியின் லேபிளில் போனது.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட் எங்களிடம் பெட்டி லேபிள் அடித்து வாங்கிக்கொண்டிருந்தது. டிசைனுக்கு ஒரு புராஜெக்ட், அச்சுக்கு ஒரு புராஜெக்ட். டிசைனுக்கு ஓகே சொல்லி மெயில் வந்ததும் நான் அதை ஆர்க்கைவ் செய்தேன். ஒரு மணி நேரத்தில் அதே மெயிலுக்கு அவர்கள் இன்னொரு பதில் எழுதியிருக்கிறார்கள். 'கையில் பிடித்துக் கொளுத்தக் கூடாது' என்ற வரி விட்டுப் போயிருக்கிறது, சேர்க்கவும். அந்தப் பதில் ஒழுங்காக வந்து மூடிய புராஜெக்டுக்குள் விழுந்தது. மூடியது என்பதால் ஒருவருக்கும் தகவல் போகவில்லை. லேபிள் அந்த வரி இல்லாமலே அச்சாகி லாரி ஏறிவிட்டது.

லோடு இறங்கிய அன்றைக்கு யூனிட்டின் ஸ்டோர்ஸிலிருந்து எனக்கு ஒரு போன்.

"அக்கா, நான் காளிமுத்து பேசுறேன். லேபிள்ல ஒரு வரியைக் காணோமே. கையில பிடிக்கக் கூடாதுன்னு போன வருசம் இருந்துச்சு. நான் கட்டைப் பிரிக்காம வச்சிருக்கேன். என்னன்னு பாருங்க."

பார்த்தேன். மூடிய புராஜெக்டுக்குள் அவர்களின் பதில் கிடந்தது. பூச்சட்டியைக் கையில் பிடித்துக் கொளுத்துகிற பிள்ளைகள் எந்த ஊரில்தான் இல்லை? எழுந்து ஞானசேகரன் சாரிடம் போய்ச் சொன்னேன்.

ஞானசேகரன் சார் எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர். காரியாபட்டிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். ஞாயிற்றுக்கிழமை வயலில் நிற்பார், மற்ற ஆறு நாளும் மிஷின் ஹாலில் நிற்பார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. மிஷினில் கை வைத்து வருடங்கள் ஆகியும், கம்ப்யூட்டர் மவுஸைத் தொடும் முன் வலது கையைப் பேண்ட்டில் ஒருமுறை துடைத்துக்கொள்வார். மை இருக்கும் என்ற பழக்கம். அன்றைக்கும் துடைத்தார். ஆர்க்கைவைத் திறந்து அந்தப் பதிலை வாசித்தார். திரும்ப ஒருமுறை வாசித்தார்.

"அவுக சரியாத்தான் சொல்லியிருக்காக. நமக்குத்தான் கேக்கல" என்றார். அதற்கு மேல் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மத்தியானமே அந்த ஒற்றை வரியைச் சிறு ஸ்டிக்கராக அடித்தோம். மறுநாள் நானும் பைண்டிங் பிரிவுப் பெண்கள் ஆறு பேரும் கம்பெனி வேனில் யூனிட்டுக்குப் போனோம். கேட்டுக்குள் போகும்போதே காளிமுத்து எங்கள் செல்போன்களை வாங்கி ஒரு தகர டப்பாவில் வைத்தார். மெலிந்த ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும், சட்டைப் பையில் இரண்டு பேனா. வெடிமருந்து இருக்கும் பக்கம் எங்களை விடாமல் ஸ்டோர்ஸ் வராந்தாவிலேயே சாக்கு விரித்து உட்கார வைத்தார். இரண்டு நாள் ஒட்டினோம். ஒவ்வொரு கட்டிலும் நடுவிலிருந்து ஒரு லேபிளை உருவி, ஸ்டிக்கர் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுக்கினார்.

திரும்பி வந்ததும் ஞானசேகரன் சார் என்னைக் கூப்பிட்டார். "ரஹ்மத்தம்மா, மூடுறதுக்கு முன்னால மூணு கேள்வி போடுங்க. பொருள் போய்ச் சேந்துச்சா? வாங்கினது யாரு? வாங்கினவுக கடைசியா என்ன சொன்னாக? மூணுக்கும் பதில் காகிதத்துல இருக்கணும். அதைப் படம் எடுத்து உள்ள வச்சிட்டு, பதினஞ்சு நாள் கழிச்சு மூடுங்க."

அப்படித்தான் எங்கள் அச்சகத்தில் டெலிவரி சீட்டை ஸ்கேன் செய்து புராஜெக்டில் சேர்க்கும் வழக்கம் வந்தது. மற்ற கஸ்டமர்களின் சீட்டில் ஒரு கிறுக்கல் கையெழுத்து இருக்கும், அவ்வளவுதான். காளிமுத்துவின் சீட்டில் எப்போதும் இரண்டு வரி எழுதியிருக்கும். 'மூணாவது கட்டு மழையில் நனைஞ்சிருக்கு, மாத்தித் தரவும்.' 'எண்ணிக்கை சரி. கயிறு இறுக்கிக் கட்டினதுல ஓரம் மடங்கிருச்சு, அடுத்த தடவை அட்டை வைக்கவும்.' கீழே முழுப் பெயர். நாலு வருடம் இப்படியே போனது.

நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தின வருடம் அந்த யூனிட்டில் ஒரு ஷெட் வெடித்துத் தீப்பிடித்தது. எங்கள் பக்கத்தில் இப்படிச் செய்தி வந்தால் எல்லாரும் முதலில் அவரவருக்குத் தெரிந்தவர் பெயரைத்தான் தேடுவோம். நானும் தேடினேன். இறந்தவர் பட்டியலில் மூன்று பெயரும், 'வெளியாள் ஒருவர்' என்று ஒரு வரியும் இருந்தன. காளிமுத்து பெயர் இல்லை. நல்லவேளை என்று நினைத்துப் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் அச்சகத்துக்கு வந்தாள். தாயில்பட்டி, பெயர் மாரீஸ்வரி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"பிரஸ்ல ரஹ்மத்தக்கான்னு..."

"நான்தாம்மா. உக்காருங்க."

"நான் காளிமுத்து வீட்டுக்காரி. ஸ்டோர்ஸ்ல இருந்தாகள்ல."

அந்த 'வெளியாள்' காளிமுத்துதான். அவள் அழவில்லை. சொல்ல வேண்டியதைப் பல இடத்தில் சொல்லிப் பழகியவள் போல வரிசையாகச் சொன்னாள். யூனிட் ரிஜிஸ்டரில் அவர் பெயர் கிடையாதாம். யாரோ வெளியாள் உள்ளே நுழைந்து பீடி பற்ற வைத்ததால்தான் தீப்பிடித்தது என்று யூனிட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம்.

"அவுக பீடியே குடிக்க மாட்டாகக்கா. தீப்பெட்டி கூட வீட்ட விட்டு எடுத்துட்டுப் போக மாட்டாக. செத்துப்போன மத்த மூணு பேரு வீட்டுக்காரவுகளும் எங்களைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிடுறாக. அவனாலதான்னு சொல்றாக. எம்மவ பள்ளிக்கூடம் போக மாட்டேங்கா. அங்கன வேலை பாத்தாகன்னு யாரும் சொல்ல வரல. பயப்படுறாக. பிரஸ் லோடு வந்தா நான்தான் கையெழுத்துப் போடுவேன்னு அடிக்கடி சொல்வாக. அதான் வந்தேன்."

நான் அந்த யூனிட்டின் பெயரைப் போட்டுத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. காளிமுத்து என்று போட்டேன். ஒன்றுமில்லை. தீப்பிடித்த பிறகு அவர்களுக்கு ஓடுகிற வேலை எதுவும் எங்களிடம் இல்லை.

"இதுல காணோமேம்மா" என்றேன்.

"சரிக்கா" என்று எழுந்தாள். அவள் 'சரி' சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. இல்லை என்ற பதிலை வாங்கிக்கொள்ளத் தயாராகவே வந்திருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். டீ வந்தது. டம்ளரைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. தேடல் என்பது ஓடுகிற வேலைகளுக்குள் மட்டும்தான் தேடும். முடிந்தவற்றிலும் தேட வேண்டுமென்றால் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தை டிக் செய்ய வேண்டும். ஏழு வருடத்துக்கு மேல் அதே திரையில் வேலை பார்த்தவள் நான். கட்டத்தை டிக் செய்தேன். நாலு புராஜெக்ட் வந்து நின்றது. முதலாவதைத் திறந்தேன். முதல் சீட்டிலேயே கீழே முழுப் பெயர்.

டீயை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வெம்பக்கோட்டை பஸ் நிற்கும் இடத்தில் தூணோரம் உட்கார்ந்திருந்தாள்.

"மாரீஸ்வரி, இருக்கும்மா. நான்தான் சரியாத் தேடல" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நெசமாவாக்கா?" என்று கேட்டாள். பிறகுதான் அழுதாள்.

அவளை ஞானசேகரன் சாரிடம் கூட்டிப் போனேன். அவர் பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு நாலு வருடச் சீட்டையும் நின்றபடியே வாசித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு மாரீஸ்வரியைப் பார்த்து, "தாயி, இது கஸ்டமரோட காகிதம். நான் உங்க கையில தூக்கிக் கொடுத்தா நாளைக்கு அதையே குத்தமாப் பேசுவாக. விசாரணை பண்ற அதிகாரிக்கு நீங்க எழுதுங்க, இன்ன பிரஸ்ல ரெக்கார்டு இருக்குன்னு. அவுக எங்களைக் கேக்கட்டும். கேட்டா நாங்க கொடுத்தாகணும். கொடுப்போம்" என்றார். மனுவை நான் எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு வாரத்தில் யூனிட்டின் மேனேஜர் எனக்குப் போன் செய்தார். மனுவின் நகல் அவர்களுக்கும் போயிருக்கும்.

"அக்கா, நல்லா இருக்கீகளா? ஒண்ணுமில்ல, எங்க பழைய புராஜெக்ட் எல்லாம் உங்க சிஸ்டத்துல கெடக்குமே. எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு? டிசைன் எல்லாம் எங்களுதுதானே. டெலிட் பண்ணிருங்களேன். சீசன் ஆர்டர் பேச அடுத்த வாரம் வாறோம்."

குரலில் மிரட்டல் இல்லை. நன்றாகத்தான் பேசினார். டெலிட் செய்யும் அதிகாரம் எங்கள் பிரிவில் எனக்கு மட்டும்தான் இருந்தது. இரண்டு முறை அழுத்தினால் போதும், நாலு வருடமும் இல்லாமல் போகும். கஸ்டமர் கேட்டார், செய்தேன் என்றால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. எங்கள் லேபிள் வேலையில் பெரும்பங்கு அவர்களுடையது. ரிட்டயர் ஆக எனக்கு ஒரு வருடம்கூட இல்லை. இதையெல்லாம் நினைக்கவில்லை என்று எழுதினால் அது பொய். நினைத்தேன். "சார்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்தேன்.

ஞானசேகரன் சார் கேட்டுவிட்டு, என் மேஜையிலிருந்தே அந்த மேனேஜரைத் திரும்பக் கூப்பிட்டார். நான் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, டெலிட் பண்ணச் சொன்னீகளாம்."

"ஆமா சார். பழசு தானே."

"அந்த ஆளு உங்ககிட்ட வேலை பாத்தாரா, இல்லையா?"

"அது லோடு எறக்க வந்த கூலி சார். எங்க ஆளு இல்ல."

"சரி. எது எப்படியோ, டெலிட் பண்ணச் சொல்லி லெட்டர்பேடுல எழுதி அனுப்புங்க. அந்த லெட்டரையும் இதோட சேத்து வச்சுக்கிடுதோம்."

"பாத்துச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டார். கடிதம் வரவே இல்லை.

அதிகாரியின் கடிதம் வந்தது. முழு விவரத்தையும் அச்செடுக்க வேண்டுமென்றால் ஆர்க்கைவிலிருந்து புராஜெக்டைத் திரும்ப வெளியே கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்தால் அதில் சேர்க்கப்பட்டிருக்கிற எல்லாருக்கும் தகவல் போகும், யூனிட் மேனேஜருக்கும் சேர்த்து. அதைச் சொன்னேன்.

"போகட்டும். நாம செய்றதை அவுக பாக்கட்டும்" என்றார் சார்.

நாலையும் திறந்தேன். ஆர்க்கைவில் இருக்கும்போது காகிதங்கள் மட்டும்தான் தெரியும். வெளியே வந்ததும் யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற முழு வரலாறும் திறந்துகொண்டது. நாங்கள் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வந்ததற்கு அடுத்த வாரத்தில் ஒரு வரி இருந்தது. யூனிட்டின் மேனேஜர் தன் கையாலேயே ஒருவரை முதல் புராஜெக்டில் சேர்த்திருக்கிறார்; அடுத்த மூன்றிலும் அந்தப் பெயர் அப்படியே வந்திருந்தது. பெயர் காளிமுத்து. பொறுப்பு ஸ்டோர்ஸ். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'நம்ம ஸ்டோர்ஸ் ஆளு. இனிமே லோடு விவரம் இவருக்கே நேரா அனுப்புங்க.'

நான் சாரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தபடி, "பிரிண்ட் போடுங்க" என்றார்.

அச்சு வந்துகொண்டிருக்கும்போதே என் போன் அடித்தது. மாரீஸ்வரி.

"அக்கா, அவுக போனை நான்தான் வச்சிருக்கேன். இப்ப இங்கிலீஷ்ல ஏதோ வந்திருக்கு, நாலு தடவை. உங்க பிரஸ் பேரு போட்டிருக்கு. என்னதுக்கா?"

சேர்க்கப்பட்ட எல்லாருக்கும் தகவல் போகும் என்று சொன்ன நான், அந்த எல்லாரில் அவரும் இருப்பார் என்று எண்ணவில்லை. "நான்தாம்மா திறந்தேன். அவர் பேரு உள்ள இருக்கு" என்றேன்.

விசாரணைக்கு நானும் சாரும் விருதுநகர் போனோம். யூனிட் மேனேஜரும் வந்திருந்தார். அதிகாரி பொறுமையான பெண்மணி. காகிதங்களைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இதையெல்லாம் நீங்கள் போன வாரம் உட்கார்ந்து தயார் செய்யவில்லை என்று எப்படி நம்புவது?

அதற்கு மட்டும் நான் தடுமாறவில்லை. என் வேலையே அதுதான். "ஆர்க்கைவ் பண்ணின பிறகு உள்ள இருக்கிறதுல யாரும் ஒரு எழுத்துகூட மாத்த முடியாதும்மா. நானும் முடியாது. மூடின தேதி இங்க இருக்கு. நாங்க திறந்த தேதி இங்க இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் நடக்கல" என்று விரலை வைத்துக் காட்டினேன். அவர் யூனிட் மேனேஜரைப் பார்த்து, அந்தக் குறிப்பை எழுதியது நீங்கள்தானா என்று கேட்டார். மேனேஜர் குனிந்து வாசித்தார். ரொம்ப நேரம் வாசித்தார். "ஆமா" என்றார்.

முடிவு வர இன்னும் சில மாதம் ஆனது. தீ எப்படிப் பிடித்தது என்று கடைசிவரை உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் 'வெளியாள்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டார்கள். இறந்த தொழிலாளர் நால்வர் என்று எழுதினார்கள். பீடி என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்றும் எழுதினார்கள். மற்ற மூன்று வீட்டுக்காரர்களில் ஒரு வீட்டார் மாரீஸ்வரி வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்களாம். இரண்டு வீட்டார் வரவில்லை. அந்த யூனிட் எங்களிடமிருந்து லேபிள் வேலையை எடுத்துக்கொண்டது. எங்கள் முதலாளி ஒருமுறை சாரை அழைத்துக் கேட்டார். சார் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்து வழக்கம்போல மிஷின் ஹாலுக்குப் போனார்.

நான் ரிட்டயர் ஆவதற்கு நாலு நாள் முன்பு அந்தப் புராஜெக்டுகளைத் திரும்பவும் ஆர்க்கைவில் வைக்க வேண்டியிருந்தது. மூடும்போதும் எல்லாருக்கும் ஒரு தகவல் போகும். அவள் திடுக்கிடக் கூடாது என்று முதலில் போன் செய்தேன்.

"மாரீஸ்வரி, இன்னைக்கு அந்த போனுக்கு மறுபடி மெசேஜ் வரும். வேலை முடிஞ்சதுன்னு வரும், பயந்துராதீங்க. வேண்டாம்னா சொல்லுங்க, அவர் பேரை எடுத்துட்டு மூடுறேன்."

"பேரை எடுக்க வேண்டாம்க்கா" என்றாள். "இப்பவே அனுப்பிருவீகளா? எம்மவ பள்ளிக்கூடம் விட்டு வந்துரட்டுமே. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது."

நாலரை மணிக்கு மேல் அழுத்தினேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. பேசியது அவள் மகள்.

"பெரியம்மா, வந்துருச்சு" என்றாள். "அப்பா பேரு போட்டு, பக்கத்துல ஸ்டோர்ஸ்னு போட்டிருக்கு. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டிட்டேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொல்றாக."